"ஏற்கெனவே வீக்கா இருந்துச்சு சார்"

ரேடியேட்டரில் ஹோஸ் மாட்டும் கழுத்து உடைந்த பிறகு பட்டறைகளில் கேட்கும் வசனம் இது. சொல்கிறவர் கையில் ஹோஸ் இருக்கும். அந்த ஹோஸின் வாய்க்குள் உடைந்த கழுத்து கறுப்பு வளையமாக மாட்டிக்கொண்டிருக்கும். கேட்கிறவருக்கு மறுத்துப் பேச வழியில்லை. வண்டி பழசு, பிளாஸ்டிக் பழசு, பில் மட்டும் புதுசு.

நானும் இதைச் சொன்னவன்தான். ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கிய நாட்களில் ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் ஒன்றை இரண்டு கையாலும் பற்றி, முழங்காலை பம்பரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். ஹோஸ் வந்தது. கூடவே ஹீட்டர் கோரின் அலுமினியக் குழாயும் வளைந்து, முறிந்து வந்தது. வண்டிக்காரர் மறுநாள் விடியற்காலையில் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்ப இருந்தவர். ஹீட்டர் கோர் உட்கார்ந்திருப்பது டேஷ்போர்டுக்கு உள்ளே. அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்றி இறக்க வேண்டும். மாலையில் வந்தவர், தன் வண்டியின் வயிறு கிழிந்து கிடப்பதைப் பார்த்து "என்னாச்சு தம்பி?" என்றார். நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு முழுச் சித்தாந்தமே இருக்கிறது. அதை நம்புகிறவர்களின் வாயாலேயே முதலில் அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஹோஸ் என்பது ரப்பர். வருடக்கணக்கில் சூட்டிலும் கிளாம்பின் பிடியிலும் கிடந்து கழுத்தோடு ஒன்றிப்போகிறது. ஒட்டியதைப் பிரிக்கப் பலம் வேண்டும். கொஞ்சிக்கொண்டிருந்தால் பொழுது அதிலேயே போய்விடும். ஹோஸ் சில நூறு ரூபாய்ப் பொருள், கிழிந்தால் புதுசு போட்டுக்கொள்ளலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போதே கழற்று, ரப்பர் இளகியிருக்கும். வரவில்லையா, ஆயில் அடி. அப்போதும் வரவில்லையா, ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பு. இத்தனைக்கும் பிறகு கழுத்து உடைந்தால் அது எப்படியும் உடைய இருந்த கழுத்து.

இதைச் சோம்பேறிகளின் பேச்சு என்று ஒதுக்க முடியாது. ஒரு நாளில் ஆறு வண்டி பார்த்து, மாலைக்குள் டெலிவரி கொடுத்து, வரும் லேபரில் இரண்டு பையன்களுக்குச் சம்பளமும் போடுகிறவர்களின் அனுபவத்தில் விளைந்த பேச்சு. பாதி உண்மையும் இதில் இருக்கிறது. ரப்பர் நிஜமாகவே ஒட்டுகிறது, பிளாஸ்டிக் நிஜமாகவே வயதானால் நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. இந்தப் பாதி உண்மையின் முதுகில் ஏறிக்கொண்டுதான் மீதிப் பாதி இத்தனை ஆண்டுகளாகச் சவாரி செய்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. பழைய அம்பாசடரின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். கழுத்தைத் தொட்டியோடு ஈயம் வைத்துப் பற்றியிருப்பார்கள். இழுத்த இழுப்பில் கழுத்து கோணினால் தட்டி நிமிர்த்தலாம், பற்று விட்டால் தெருமுனை ரேடியேட்டர் கடையில் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம். அந்த உலோகம் தப்பை மன்னித்தது. அன்றைக்கு முரட்டு இழுப்பு ஒரு கெட்ட பழக்கமாக இருந்தது, அவ்வளவுதான். இன்று கார்களின் ரேடியேட்டரில் நடுப்பகுதிதான் அலுமினியம். இரு முனைகளிலும் இருக்கும் தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலான். கழுத்தும் அந்தத் தொட்டியோடு ஒரே வார்ப்பு. அதை நிமிர்த்த முடியாது, பற்றவைக்கவும் முடியாது. பொருள் மாறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கை மட்டும் பித்தளைக் காலத்திலேயே நிற்கிறது.

1. இழுத்தால் இறுகும்

இழுக்க இழுக்க இறுகுகிற ஒன்றை இழுத்தே கழற்றிவிடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ! ரப்பரை நீட்டினால் அது மெலியும். அதன் மொத்தக் கன அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. நீளத்தில் கூடினால் குறுக்களவில் குறைந்தே ஆக வேண்டும். ஹோஸின் நடுவில் பிடித்து வெளிப்பக்கமாக இழுக்கிறீர்கள். கழுத்தின் மேல் இருக்கும் பகுதி நீள முயல்கிறது, நீள முயல்வதால் சுருங்குகிறது, சுருங்குவதால் கழுத்தை இன்னும் இறுக்கமாகப் பற்றுகிறது. ஹோஸுக்குள் இருக்கும் நூல் பின்னலும் இழுவிசையில் நீண்டு அதே வேலையைச் செய்கிறது. நீங்கள் கூட்டும் ஒவ்வொரு கிலோ பலத்திலும் ஒரு பங்கு உங்களுக்கு எதிராகவே திரும்புகிறது.

வீட்டில் கேஸ் அடுப்பின் பழைய ட்யூபை மாற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இழுத்து இழுத்துக் கை சிவந்த பிறகு, அம்மா வந்து இப்படியும் அப்படியும் திருகி எடுத்துவிடுவார். வளையல் மாட்டிக்கொண்டாலும், மோதிரம் மாட்டிக்கொண்டாலும் நம் வீடுகளில் யாரும் பம்பரில் முட்டுக்கொடுத்து இழுப்பதில்லை. சோப்பு போடுகிறோம், சுழற்றுகிறோம், மெல்ல நகர்த்துகிறோம். அடுப்படியில் இருக்கும் அறிவு பட்டறைக்குள் நுழையும்போது மட்டும் எங்கே போகிறது?

அதே பலத்தைப் பின்னாலிருந்து கொடுத்துப் பாருங்கள். கழுத்தின் அடிப்பக்கம் இருக்கும் ஹோஸின் உதட்டை விரலாலோ, ஒரு ஓப்பன் ஸ்பேனரின் வாயாலோ முனையை நோக்கித் தள்ளினால் ரப்பர் அமுங்குகிறது. நீளத்தில் குறைவதால் குறுக்கில் பருக்கிறது. பருத்தால் பிடி தளர்கிறது. எஞ்சினில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சின்ன வேக்யூம் ட்யூபுகளை இழுத்து, அதன் பிளாஸ்டிக் முனையை உள்ளேயே முறித்துவிட்டு, அப்புறம் இரண்டு நாள் ஐட்லிங் சரியில்லை என்று தேடுகிறார்கள். அதையெல்லாம் ஒரு சின்ன ஸ்பேனரால் பின்னாலிருந்து தள்ளினால் பொத்தென்று விழுந்துவிடும்.

ஒட்டியிருப்பதைப் பிரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மேசையில் ஒட்டிய செலோ டேப்பை மேசையோடு கிடைமட்டமாக இழுத்தால் ஒட்டிய பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் எதிர்க்கும். ஓரத்தை நகத்தால் கிளப்பிவிட்டால் ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் எதிர்க்கும், அந்தக் கோடும் நகர்ந்துகொண்டே போகும். ஹோஸின் உதட்டுக்கு அடியில் மழுங்கலான ஒரு கொக்கியைச் செருகி, கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டுவருவது அந்த நகத்தின் வேலை. வெளிநாட்டுக் கருவி எதுவும் இதற்கு வேண்டியதில்லை. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை நுனியில் வளைத்து, முனையை அரத்தால் உருட்டி, எமரி பேப்பரில் தேய்த்து வழுவழுப்பாக்கினால் போதும். முனை கூராக இருக்கக் கூடாது. கூராக இருந்தால் அது கொக்கி வேலை செய்யாது, கழுத்தில் கோடு கிழிக்கும்.

கொக்கி ஒரு சுற்று வந்த பிறகுதான் திருகல். வாட்டர் பம்ப் பிளையரில் துணி சுற்றி, ஹோஸைக் கழுத்தின் மேல் இருக்கும் இடத்தில் பிடித்து, வலமும் இடமுமாகச் சிறிய திருப்பங்கள். ஒரே பக்கமாக முறுக்கினால் ஹோஸ் முறுகி மறுபடி இறுகும். ஹோஸ் கழுத்தின் மேல் சுழலத் தொடங்கிய அந்த நொடியில் ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு சுழற்றிக்கொண்டே வெளியே நகர்த்தலாம். அதற்கு முன் இழுத்த எல்லா இழுப்பும் வீண். ஒரு எச்சரிக்கை: பிளையரைக் கையால் முடிந்த மட்டும் அமுக்காதீர்கள். கீழே இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய் என்றால் ரப்பரோடு சேர்ந்து அதுவும் நசுங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வெட்கக்கேடான விஷயம். "ஒட்டிப்போச்சு" என்று என்னிடம் வந்த ஹோஸ்களில் கணிசமானவை ஒட்டவே இல்லை. கிளாம்பைத் தளர்த்தியிருப்பார்கள், நகர்த்தியிருக்க மாட்டார்கள். கழுத்தின் முனையருகே மோதிரம் போல ஒரு சின்ன மேடு வார்க்கப்பட்டிருக்கும். ஹோஸ் தானாக உருவிக்கொள்ளாமல் இருப்பதற்கான மேடு. கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி ஹோஸின் நடுப்பகுதிக்கு வந்திருக்க வேண்டும். மேட்டுக்கு அந்தப்பக்கமே கிடந்தால் நீங்கள் இழுப்பது ரப்பரை இல்லை, பூட்டை.

2. ஹோஸ் மலிவு என்றால் ஏன் இழுக்கிறீர்கள்?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் வாதத்தாலேயே தடுக்கி விழுகிறது. ஹோஸ் மலிவு, எப்படியும் புதுசு போடப்போகிறோம் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த ஹோஸை முழுசாகக் காப்பாற்றி வெளியே எடுக்கவேண்டிய அவசியம் என்ன? முழு ஹோஸையும் ஒரே துண்டாக உருவ முயல்கிறவர், மலிவான பொருளைச் சேதமில்லாமல் வைத்துக்கொண்டு விலையுயர்ந்த பொருளின் மேல் பாரத்தை ஏற்றுகிறார். இது சிக்கனமும் இல்லை, தர்க்கமும் இல்லை. மலிவானதை முதலில் பலி கொடுங்கள். அறுத்துவிடுங்கள்.

ஆனால் அறுப்பதிலும் பலர் தவறுகிறார்கள். பிளேடை வைத்து ஒரே அழுத்தில் கழுத்து வரைக்கும் இறக்கிவிடுவார்கள். கழுத்தின் மேல் நீளவாக்கில் விழும் அந்தக் கீறல், புது ஹோஸுக்கும் கழுத்துக்கும் நடுவே கூலன்ட் கசிய ஒரு வாய்க்கால். கிளாம்பை எத்தனை இறுக்கினாலும் அந்த வாய்க்கால் அடையாது.

ஹோஸ் என்பது பொதுவாக மூன்று அடுக்கு: வெளி ரப்பர், நடுவில் நூல் பின்னல், உள் ரப்பர். உதட்டிலிருந்து தொடங்கி நீளவாக்கில், பிளேடைச் சாய்வாகப் பிடித்து, இரண்டு மூன்று தடவை லேசாக ஓட்டுங்கள். நூல் அறுபடுவது கையில் நறநறவென்று தெரியும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நூல் போன பிறகு உள் ரப்பருக்குத் தனியாக நிற்கும் தெம்பு கிடையாது. மழுங்கிய முனை ஒன்றைக் கீறலில் வைத்து அகட்டினால் தானே கிழியும். வாழைத்தண்டின் பட்டையை உரிப்பது போல் உரித்து எடுத்துவிடலாம். கழுத்தின் மேல் ஒரு கிராம் பாரம்கூட ஏறியிருக்காது.

ஹோஸைத் திரும்பப் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் மட்டும்தான் முதல் பகுதியில் சொன்ன பாடெல்லாம். ஞாயிற்றுக்கிழமை மாலை, உதிரிபாகக் கடை பூட்டியிருக்கிறது, வண்டி நாளை காலை ஓட வேண்டும் என்கிற நிலை அது.

3. நெம்புகோல் கணக்கு

ஸ்க்ரூ டிரைவரைத் திருகாணி திருக மட்டும் பயன்படுத்தும் பட்டறையை நான் இன்னும் பார்க்கவில்லை. அது உளி, அது கடப்பாரை, சமயத்தில் டீ கலக்கும் கரண்டி. ஹோஸின் அடியில் அதைச் செருகி நெம்புகிறவர் தன் கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போடுவதில்லை. சுமார் 20 செ.மீ. நீளமுள்ள ஸ்க்ரூ டிரைவர், நுனியிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி முட்டுக்கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடியில் 10 கிலோ அழுத்தினால் நுனியில் கிட்டத்தட்ட 200 கிலோ இறங்கும். எதன் மேல்? சில மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் விளிம்பின் மேல், அதுவும் ஒரே புள்ளியில்.

உடைவது மட்டும் இதில் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். உடைந்தால் அன்றே தெரிந்துவிடும், ஒரு வகையில் அது நல்லது. உடையாமல், அந்த மோதிர மேட்டில் ஒரு சில்லு மட்டும் பெயர்ந்தாலோ, கழுத்தின் வேரில் மயிரிழை விரிசல் விட்டாலோ யார் கண்ணுக்கும் படாது. புது ஹோஸ் மேலே ஏறி அதை மூடிவிடும். பட்டறையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது சொட்டாது. நெடுஞ்சாலையில், ஏசி போட்டு, நான்கு பேரோடு இரண்டு மணி நேரம் ஓடும்போது பிளக்கும். அப்போது அந்த மெக்கானிக் எங்கே இருப்பார், வண்டி எங்கே இருக்கும்?

4. பூட்டு வகைகள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் வாதத்துக்கே இடமில்லை. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்ற வண்டிகளில் பல கூலன்ட் ஹோஸ்கள் கிளாம்பில் நிற்பதில்லை. ஒரு கம்பி வளைவு பூட்டிவைத்திருக்கும். அந்தக் கம்பியை அதன் இரண்டாம் நிலைக்கு இழுத்துவிட்டால் ஹோஸ் கையோடு வரும். கம்பியைக் கவனிக்காமல் இழுத்தால் எமனே வந்தாலும் வராது, பிளாஸ்டிக்தான் போகும். பெட்ரோல் லைனில் இருக்கும் அமுக்கு கனெக்டர்களும் அப்படியே. முதலில் தூசியைக் கழுவுங்கள். பிறகு கனெக்டரை உள்பக்கமாக ஒருமுறை தள்ளுங்கள். பூட்டின் பற்களின் மேல் இருக்கும் பாரம் இறங்கும், உள்ளே ஒட்டியிருக்கும் ரப்பர் வளையமும் விடும். அதற்கப்புறம் இரு பக்கக் காதுகளையும் அமுக்கி வெளியே எடுங்கள். பாரம் இருக்கும்போதே காதுகளை அமுக்கி மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அந்தக் காதுகளை ஒடிக்கிறார்கள். பெட்ரோல் லைனில் 3 முதல் 4 பார் அழுத்தம் நிற்கலாம் என்பதால் முன்கூட்டியே பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். இது செய்நேர்த்திக்காகச் சொல்வது மட்டும் இல்லை, பக்கத்தில் பீடி பிடிக்கிறவருக்காகவும்.

5. சூட்டோடு கழற்றுவது வீரமா?

சூட்டில் ரப்பர் இளகும் என்பதை நான் மறுக்கவில்லை. எஞ்சின் சூட்டில் கழற்று என்பதைத்தான் மறுக்கிறேன். ரேடியேட்டர் மூடியைப் புரட்டிப் பாருங்கள். 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருக்கும். வெளிக்காற்றைவிடச் சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ அதிக அழுத்தத்தை உள்ளே பிடித்துவைப்பது அந்த மூடியின் வேலை. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியை நெருங்கித்தான் கொதிக்கும். அதாவது உள்ளே 105, 110 டிகிரியில் ஒரு திரவம் கொதிக்காமல் அடங்கியிருக்க முடியும். நீங்கள் ஹோஸை உருவிய கணத்தில் அழுத்தம் போய்விடும். அடங்கியிருந்தது அத்தனையும் அதே கணத்தில் கொதித்துக் கிளம்பும். எதிரே இருப்பது உங்கள் முகம்.

இதைச் செய்துவிட்டுத் தழும்பைக் காட்டிப் பெருமை பேசும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் பையன்கள் தொழில் கற்றுக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ஒவ்வாத விஷயம்.

இளக்கம்தான் வேண்டுமென்றால் வழி எளிது. எஞ்சின் ஆறட்டும், மூடியைத் திறந்து கூலன்ட்டை வடித்துவிடுங்கள். பிறகு கொதிநீரில் நனைத்த துணியை ஹோஸின் மூட்டில் இரண்டு மூன்று நிமிடம் சுற்றிவையுங்கள். ரப்பர் மட்டும் சூடாகும், அழுத்தம் இருக்காது. தீ வைத்துக் காட்டுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

6. ஆயில் அடிக்கும் பழக்கம்

எதற்கும் ஆயில் என்பது நம் பட்டறைகளின் சர்வரோக நிவாரணி. ரேடியேட்டர் ஹோஸும் ஹீட்டர் ஹோஸும் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர் வகை. சூட்டையும் தண்ணீரையும் கூலன்ட்டையும் வருடக்கணக்கில் தாங்கும். தாங்காத ஒன்று பெட்ரோலிய எண்ணெய். எஞ்சின் ஆயில், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவை பட்டால் ஊறும், பருத்து மெத்தென்றாகும். கழற்றும்போது வழுக்கியதால் "பார்த்தியா, வேலை செஞ்சுச்சு" என்பார்கள். அதே ஹோஸைத் திரும்பப் போட்டால் ஊறிய இடத்தைக் கிளாம்ப் வெட்டத் தொடங்கும். அது ஒரு நாளில் தெரியாது. தெரியும்போது ஆயில் அடித்த கை யாருக்கும் நினைவிருக்காது.

வழுக்கலுக்கு அங்கேயே ஒரு பொருள் இருக்கிறது: வடித்துவைத்த கூலன்ட். கொக்கி கிளப்பிய இடைவெளியில் நாலு சொட்டு விட்டால் போதும். இல்லையென்றால் சோப்புத் தண்ணீர்.

ஒட்டிப்போவதற்கே காரணமான இன்னொரு பசையையும் இங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். ஹோஸ் மாட்டும்போது கழுத்தில் காஸ்கெட் பேஸ்ட்டைத் தடவி, அதன் மேல் ஹோஸை ஏற்றி, கிளாம்பை ரப்பர் பிதுங்கும் வரை முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கசியக் கூடாதாம். கழுத்து சுத்தமாக இருந்து, ஹோஸின் அளவும் சரியாக இருந்தால் பேஸ்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை. கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றுவதும் அதே வகை. உப்புத் தண்ணீரில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும்; அந்தப் பொடி ஹோஸுக்கடியில் நுழைந்து சிமென்ட் போல் இறுகும். மூன்று வருடம் முன்பு அவர்களே ஒட்டவைத்ததை இன்று அவர்களே பலம் காட்டிப் பிரிக்கிறார்கள். நடுவில் பழி மட்டும் ரப்பருக்கு.

7. நேரம் இல்லையாம்

எந்த நேரத்தைக் கணக்கில் எடுக்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. கொக்கி, வெந்நீர்த் துணி, திருகல் எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம். இழுத்தால் ஒரு நிமிடம். பத்து வண்டியில் ஒன்பது உடையாமல் வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சமானது இரண்டு மணி நேரம். பத்தாவது வண்டியின் ரேடியேட்டருக்கு அலைந்த அலைச்சல், பாகம் வரும் வரை வண்டி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது, வண்டிக்காரரின் தொலைபேசிக்குப் பதில் சொல்வது எல்லாம் சேர்ந்தால் இரண்டு நாள். ஹீட்டர் கோர் என்றால் டேஷ்போர்டு.

ஹீட்டர் பற்றி ஒரு கிளைப் பேச்சு. நம் ஊரில் ஹீட்டரைப் போடுகிறவர் யார்? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனால் உண்டு. அதனால் அந்த இரண்டு ஹோஸ்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பல வண்டிகளில் நீங்கள் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் கூலன்ட் அதன் வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடப்பதால் இறுக ஒட்டியிருப்பதும் அவைதான், கீழே மெல்லிய குழாய் இருப்பதும் அங்கேதான். உடைத்துவிட்டு, இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து "பைபாஸ் பண்ணிட்டேன், நமக்கெதுக்கு ஹீட்டர்" என்று முடித்துவிடுவது சகஜம். மழைக்காலத்தில் மலை ஏறுகையில் முன் கண்ணாடியின் உட்புறத்தில் படியும் பனிப்படலத்தை விரட்டுவதும் அந்த ஹீட்டர்தான் என்பது அப்போது நினைவுக்கு வராது.

நேரக் கணக்கின் கடைசி வரி எஞ்சின். மயிரிழை விரிசலில் கூலன்ட் போய்த் தீர்ந்தால் வெப்பமானியாவது காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். திரவம் வடிந்து காற்றில் நின்றால் முள் சாதுவாகவே காட்டிக்கொண்டிருக்கலாம், உள்ளே ஹெட் கோணிக்கொண்டிருக்கும். ஹெட் காஸ்கெட், லேத்தில் முகம் தேய்ப்பு, ஒரு வாரம். மிச்சம் பிடித்த பதினைந்து நிமிடத்தின் வட்டி இது.

8. "பழசுதானே"

இப்போது அந்த வசனத்துக்கே வருகிறேன். பழைய நைலான் நொறுங்கும், உண்மை. வெப்பமும் கூலன்ட்டும் அதை வருடக்கணக்கில் அரித்துவிடுகின்றன. இதிலிருந்து என்ன முடிவுக்கு வர வேண்டும்? எண்பது வயதுப் பாட்டியின் எலும்பு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், பேருந்தில் ஏற்றும்போது கையை மெல்லப் பிடிப்போமா, முறுக்கி இழுத்துவிட்டு "எப்படியும் ஒடிஞ்சிருக்கும்" என்போமா? பழசு என்பது கவனத்துக்கான காரணம். அதை அலட்சியத்துக்கான மன்னிப்பாகத் திருப்பிப்போடுவதில்தான் இந்தச் சித்தாந்தத்தின் சாமர்த்தியம் இருக்கிறது.

"எப்படியும் உடைந்திருக்கும்" என்பதும் சரியில்லை. அந்தக் கழுத்து நேற்று வரை உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கியே நின்றது. அதற்காகத்தான் அதை வார்த்தார்கள். பக்கவாட்டில் ஒருவர் தன் உடல் எடையைப் போட்டு வளைப்பதை அது எந்த நாளிலும் சந்தித்ததில்லை, புதுசாக இருந்தபோதும் சந்தித்திருக்காது. இன்னும் இரண்டு வருடம் ஓடியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. இன்று மாலை மூன்று மணிக்கு உடைந்திருக்காது என்பது தெரியும்.

யார் சொல்வது சரி என்று பார்க்க வண்டிக்காரருக்கும் ஒரு வழி இருக்கிறது. உடைந்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்திருந்தால் கூலன்ட் அதற்குள் ஊறி, முறிவின் ஒரு பகுதியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ரோஸாகவோ கறை படிந்திருக்கும், ஓரத்தில் காய்ந்த உப்பு இருக்கும். அப்படி இருந்தால் மெக்கானிக் சொன்னது நிஜம், காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள். முகம் முழுக்க ஒரே நிறமாக, கறையில்லாமல் இருந்தால் அது அன்றைக்கு, அந்தக் கையால் உடைந்தது.

ஊட்டிக்குப் போக இருந்தவர் என்னிடம் அந்தக் குழாயைக் கேட்கவில்லை. அதைப் பழைய இரும்புப் பெட்டிக்குள் போடும்போது நான்தான் பார்த்தேன். முறிவு முழுக்க வெள்ளி போல் பளபளத்தது.